40 நொடியில் செங்குத்தாக நின்ற படகு: சோழவந்தான் பக்கத்துக் குட்டையில் நடந்தது என்ன?

படகின் பின்சீட்டை அறுத்துத் திறந்தபோது உள்ளே இருந்தது கட்டைவிரல் கனத்தில் ஒரு பொருக்கு, அவ்வளவுதான். ஆறிப்போன கருப்பட்டிப் பாகு மாதிரி தரையோடு ஒட்டிக் கிடந்தது. உளியால் நெம்பினால் கயிறு கயிறாக இழுத்தது. தம்பி மோந்து பார்த்துவிட்டு, “பெட்ரோல் வாடை அடிக்குதுண்ணே” என்றான்.

அந்தப் பொருக்கு ஒரு காலத்தில் பெட்டி நிறையத் தெர்மாகோலாக இருந்தது. படகில் தண்ணீர் ஏறினால் தாங்கிப் பிடிக்க வேண்டிய பொருள். இரண்டு நாளுக்கு முன்னால், மாட்டுப் பொங்கல் சாயங்காலம், அது அங்கே இல்லாததால் எங்கள் வீட்டு ஆட்கள் ஆறு பேர் தண்ணீரில் கிடந்தார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் இதை நிதானமாக உட்கார்ந்து எழுத முடிகிறது.

நான் மதுரையில் 20 வருடத்துக்கு மேலாக ஃபைபர் வேலை செய்கிறவன். தண்ணீர்த் தொட்டி, பாத்ரூம் கதவு, கூரைத் தகடு என்று எல்லாம் செய்திருக்கிறேன், படகு செய்ததில்லை. படகை வாங்கும்போது தம்பி (சித்தப்பா மகன்) என்னிடம் ஒரு வார்த்தை கேட்டான்: “ஃபைபர் மிதக்கும்லண்ணே?” நானும் யோசிக்காமல் “மிதக்கும்டா” என்றேன். இந்த ஆய்வில் முதல் குற்றவாளி நான்தான்.

படகும் குட்டையும்

சோழவந்தான் பக்கம் தம்பிக்குத் தென்னந்தோப்பு. தோப்பின் ஓரத்தில் செங்கல் சூளைக்கு மண் எடுத்த பெரிய பள்ளம் ஒன்று, ஒன்றரை ஏக்கர் இருக்கும். பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் வரும் காலத்தில் ஊற்றெடுத்து நிறைந்துவிடும். தை மாதத்தில் குட்டையின் நடுவில் 10 அடிக்குக் குறையாது. மண்வெட்டி எடுத்த கரை என்பதால் சரிவே கிடையாது. காலை வைத்தால் நேராகக் கழுத்தளவு.

படகு கைமாறி வந்தது. 12 அடி நீளம், நடுவில் நாலரை அடி அகலம். தராசில் ஏற்றியபோது வெறும் கூடு 95 கிலோ. மூன்று சீட்டுகள், மூன்றும் மூடிய பெட்டிகள். பின்பலகையில் 5 குதிரைத்திறன் பெட்ரோல் மோட்டார், அதுவும் பழசு, 24 கிலோ. எத்தனை பேர் ஏறலாம், எவ்வளவு எடை தாங்கும் என்று படகில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. விற்றவர் “ஆறு பேர் தாராளமாப் போகலாம்” என்றார். தம்பியும் ஆறு பேரை ஏற்றினான்.

அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு பார்க்க முந்தின நாளே உறவுக்காரர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். காலையில் டிவியில் பாலமேடு பார்த்து, மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டு, வெயில் தாழ்ந்ததும் “படகுல போவோம்” என்று பிள்ளைகள் பிடிவாதம். ஏறியவர்கள்: மோட்டார் ஓட்டத் தம்பி, அவனுடைய நண்பர், 62 வயது மாமா, என் தங்கச்சி, அவளுடைய 9 வயது மகன், 6 வயது மகள். எல்லாருடைய எடையையும் பிறகு கூட்டிப் பார்த்தேன், 336 கிலோ. லைஃப் ஜாக்கெட் இரண்டு இருந்தது. ஒன்றைப் பையனுக்குப் போட்டார்கள், பெரிய ஆள் அளவு. இன்னொன்று சீட்டு வெயிலில் சுடுகிறது என்று மாமாவுக்கு அடியில் மெத்தையாகப் போயிற்று.

அந்த ஒரு நிமிடம்

நான் கரையில் இருந்தேன். கரையிலிருந்து 40 அடி தூரத்தில் மோட்டார் நின்றுவிட்டது. தம்பி கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தான், ஸ்டார்ட் ஆகவில்லை. “தள்ளு, நான் இழுக்கிறேன்” என்று நடுச்சீட்டிலிருந்த நண்பர் எழுந்து பின்னால் போனார். அவர் 82 கிலோ, தம்பி 78, மோட்டார் 24. நுனியில் ஒரே இடத்தில் 184 கிலோ.

மோட்டார் மாட்டுவதற்காகப் பின்பலகையை நடுவில் பள்ளமாக வெட்டியிருப்பார்கள். இந்தப் படகில் அந்த வெட்டு, தம்பி தனியாக உட்கார்ந்தாலே தண்ணீருக்கு மேல் நாலு விரல்தான் இருக்கும். நண்பர் காலை ஊன்றி இழுத்த வேகத்தில் பின்பக்கம் அமுங்கியது. தண்ணீர் அலையடித்தெல்லாம் வரவில்லை. வாய்க்கால் மடையைத் திறந்துவிட்ட மாதிரி அமைதியாக உள்ளே வந்தது. உள்ளே வந்த தண்ணீரும் பின்பக்கமே ஓடித் தேங்கியது, அந்த எடையில் இன்னும் அமுங்கியது. செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த மருமகளின் பதிவில் நேரம் பார்த்தேன். முதல் தண்ணீர் ஏறியதிலிருந்து படகு செங்குத்தாக நின்றது வரை 40 நொடி.

முன்முனை மட்டும் இரண்டடிக்கு வெளியே நின்றது, கரகத்தில் செருகிய கிளி மாதிரி. பிள்ளைகள் சறுக்கி விழுந்தார்கள். தங்கச்சி தன் மகளை ஒரு கையால் இழுத்துக்கொண்டு மறுகையால் அந்த முனையைப் பிடித்தாள். பையன் மிதந்தான், ஆனால் ஜாக்கெட் மட்டும் மேலே ஏறி அவன் மூக்கையும் வாயையும் மூடிவிட்டது. அவன் இரண்டு கையாலும் ஜாக்கெட்டைக் கீழே இழுத்துக்கொண்டே மூச்சு விட்டான். மாமா பழைய நீச்சல்காரர், கரையைப் பார்த்து அடித்தார். நனைந்த வேட்டி இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிப்போட்டது.

தோப்பில் இருந்த மரமேறி அண்ணன்தான் காப்பாற்றினார் என்று சொல்ல வேண்டும். பம்ப்செட் ரூமிலிருந்து கயிறும், காலியான 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டும் எடுத்து வந்து, மூடியை இறுக்கி வீசினார். ஒன்று மாமாவுக்கு, ஒன்று தங்கச்சிக்கு. நான் கயிற்றோடு குதித்தேன். எல்லாரும் கரையேற 12, 13 நிமிடம் ஆனது. சின்னவள் தண்ணீர் குடித்திருந்தாள், ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள்.

கடைசி ஆளாக நான் ஏறித் திரும்பிப் பார்த்தபோது படகின் முனை இன்னும் தெரிந்தது. துண்டால் தலையைத் துவட்டிவிட்டுப் பார்த்தபோது இல்லை. முழுசாகப் போய்விட்டது. எனக்கு அப்போதுதான் கை நடுங்க ஆரம்பித்தது. தங்கச்சி அவ்வளவு நேரம் நம்பிப் பிடித்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

ஃபைபர் மிதக்காது

மூன்றாம் நாள் டிராக்டர் வைத்து இழுத்து வெளியே எடுத்தோம். மூன்று சீட்டையும் அறுத்தேன்.

பின்சீட்டின் கதையை முதலிலேயே சொல்லிவிட்டேன். பெட்ரோல் டேங்க்கை அந்தச் சீட்டின் மேல்தான் வைத்திருந்தார்கள். டியூப் இணைப்பில் கசிவு. சீட்டு மூடியின் விளிம்பில் சீலண்ட் பெயர்ந்திருந்தது. சொட்டுச் சொட்டாக உள்ளே போன பெட்ரோல் தெர்மாகோலைக் கரைத்துவிட்டது. தெர்மாகோல் என்பது பாலிஸ்டைரீன். பெட்ரோல் பட்டால் சர்க்கரையில் தண்ணீர் ஊற்றிய கதைதான். எங்கள் தொழிலில் இது பால பாடம். நாங்கள் பூசும் பாலியெஸ்டர் ரெசினிலேயே ஸ்டைரீன் இருப்பதால், தெர்மாகோல் மேல் நேராக ரெசினைப் பூச மாட்டோம், டேப்போ பிளாஸ்டிக் ஷீட்டோ சுற்றிய பிறகுதான் கண்ணாடி இழை மேட் ஒட்டுவோம். பாலிஸ்டைரீன் மிதவையைப் பெட்ரோல் மோட்டாருக்கு அடியில் வைத்தவர் ஃபைபர் வேலை தெரிந்தவராக இருந்திருக்க முடியாது. அல்லது, தெரிந்தும் “எவன் பார்க்கப் போறான்” என்று விட்டிருக்க வேண்டும்.

நடுச்சீட்டில் டிவி பெட்டிக்குள் வருமே, அந்த மாதிரி உடைசல் தெர்மாகோல். துண்டு துண்டாகத் திணித்ததால் பாதிப் பெட்டி வெறும் சந்து. வெளியே எடுத்து அளந்தால் 45 லிட்டர் தேறியது. புதுசாக இருந்தால் அது ஒரு கிலோ கூட வராது. எடை போட்டேன், 6 கிலோ. வருடக்கணக்கில் மணிகளுக்கு நடுவே தண்ணீர் குடித்து ஊறியிருக்கிறது. ஒரு மூலையில் எறும்புப் புற்று வேறு.

முன்சீட்டில் ஒன்றும் இல்லை, மூடிய காற்றறை. 40 லிட்டர். அதன் வடிகால் திருகில் வாஷர் இல்லை. காற்று மெதுவாக வெளியேறி, தண்ணீர் மெதுவாக உள்ளே ஏறியிருக்கிறது. கால் மணி நேரம் முனை தெரிந்ததற்கும், பிறகு காணாமல் போனதற்கும் காரணம் அந்தக் கால் ரூபாய் வாஷர்தான்.

இப்போது கணக்கு. ஃபைபரின் அடர்த்தி தண்ணீரைப் போல ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். அதாவது வெறும் ஃபைபர் துண்டைத் தண்ணீரில் போட்டால் கல் மாதிரி கீழே போகும். படகு மிதப்பது வடிவத்தால், உள்ளே காற்று இருக்கும் வரை. தண்ணீர் நிறைந்துவிட்டால் வடிவத்துக்கு வேலையில்லை. 95 கிலோ கூடு தண்ணீருக்குள் சுமார் 34 கிலோவாக இழுக்கும். மோட்டார் 16 கிலோ அளவுக்கு. நங்கூரக் கல், சாமான் என்று ஒரு 5. ஆக 55 கிலோ கீழே இழுக்கிறது. மேலே தூக்க இருந்தது நடுச்சீட்டில் 39 கிலோ, முன்னால் காற்றறை இருந்தவரை 40. அது இருந்தவரை படகு தன்னைத்தானே தாங்கிக்கொண்டு இன்னும் 20, 25 கிலோவைத் தாங்கியிருக்கும். காற்றறை நிறைந்ததும் 39க்கு எதிராக 55. மூழ்காமல் என்ன செய்யும்?

சரி, 55க்கு மேல் மிதவை இருந்திருந்தால் போதுமா? அதுவும் போதாது. இருந்த மிதவை எல்லாம் முன்னாலும் நடுவிலும், கனம் எல்லாம் பின்னால். அதனால்தான் செங்குத்தாக நின்றது. செங்குத்தாக நிற்கும் 12 அடிப் படகை ஒருவர் பிடிக்கலாம், இருவர் பிடிக்கலாம். ஆறு பேருக்கு அதில் இடமில்லை.

வெளியே என்ன விதி வைத்திருக்கிறார்கள்

இதற்கெல்லாம் எங்காவது கணக்கு எழுதி வைத்திருப்பார்கள் என்று தேடியதில் அமெரிக்காவின் விதிகள்தான் ரொம்ப விவரமாகக் கிடைத்தன. 1971இல் அங்கே பொழுதுபோக்குப் படகுகளுக்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். 20 அடிக்குக் குறைவான படகுகளுக்கு, தண்ணீர் நிறைந்த பிறகும் மிதக்க வேண்டும் என்று கடலோரக் காவல்படையின் விதி. பாய்மரப் படகு, கயாக், காற்றடைத்த படகு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு.

மிதப்பதிலும் தரம் பிரித்திருக்கிறார்கள். உள்ளே இன்ஜின் வைத்த படகு என்றால் ஏதாவது ஒரு பாகம் வெளியே தெரிய மிதந்தால் சரி. எங்கள் படகு மாதிரி பின்பலகையில் 2 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட அவுட்போர்டு மோட்டார் மாட்டும் படகு என்றால், நிறைந்த பிறகும் கிடைமட்டமாகவே மிதக்க வேண்டும், ஆட்கள் அதற்குள்ளேயே இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருக்கும்படி. 10 பாகைக்கு மேல் சாயக்கூடாது. ஒரு பக்கமாக எடை வைத்தால் 30 பாகை வரை போகலாம். துடுப்புப் படகுக்கும் 2 குதிரைத்திறனுக்குள் உள்ளதற்கும் இதே மாதிரி, கொஞ்சம் தளர்வோடு.

எனக்குப் பிடித்தது சோதனை செய்யும் முறை. படகைத் தண்ணீரில் அமுக்கி 18 மணி நேரம் ஊறவிட வேண்டும், அதற்குப் பிறகுதான் சோதனை. காற்றறை இருந்தால் அதில் பெரியதாக இரண்டைப் பார்த்துத் தண்ணீர் நிரப்பிவிட வேண்டும். அதாவது எது ஓட்டையாகும் என்று நீ நம்பவில்லையோ, அது ஓட்டையாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு ஆரம்பி. மிதவைப் பொருள் பெட்ரோலில் ஊறினாலும் தாங்குகிறதா என்பதற்கும் தனிச் சோதனை உண்டு. எங்கள் படகு இந்த மூன்றில் ஒவ்வொன்றிலும் தோற்றிருக்கும்.

ஐரோப்பிய நாடுகளிலும் 6 மீட்டருக்குக் குறைவான, தண்ணீர் ஏறிவிடக்கூடிய படகு என்றால் நிறைந்த நிலையில் மிதக்க வழி செய்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

ஆள் கணக்குக்கு அமெரிக்காவில் ஒரு சுலபமான வாய்ப்பாடு சொல்லித் தருகிறார்கள். நீளத்தை அகலத்தால் பெருக்கி, இரண்டும் அடியில், 15ஆல் வகுக்க வேண்டும். நம்முடையது 12 பெருக்கல் நாலரை 54. வகுத்தால் 3.6. ஒரு ஆளை முக்கால் ஆளாக வெட்ட முடியாது, ஆக 3 பேர். நாங்கள் ஏற்றியது அதில் இரண்டு மடங்கு.

நம் நாட்டில் சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 1917ஆம் வருடத்துப் பழைய சட்டத்தை எடுத்துவிட்டு 2021இல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்திருக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் 2017இல் படகுப் பாதுகாப்புக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால் தோப்புக் குட்டையில் பொங்கலுக்குப் பொங்கல் இறங்கும் படகை யார் வந்து பார்ப்பார்கள்? நாமே பார்த்துக்கொண்டால்தான் உண்டு.

மதுரைக்காரர்களுக்குப் படகு விபத்து என்றால் தேக்கடிதான் முதலில் ஞாபகம் வரும். 2009 செப்டம்பர் 30 அன்று அங்கே சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். பள்ளிக்கூடச் சுற்றுலா என்றால் அந்த ஏரிதான் நமக்கு. அந்த ஏரித் தண்ணீர்தான் சுரங்கம் வழியாக இறங்கி வைகையில் சேர்ந்து நம் குழாய்க்கும் வருகிறது. 2023 மே 7 அன்று கேரளத்தில் தானூரில் 22 பேர். 2024 ஜனவரி 18 அன்று வதோதராவில் ஹர்ணி ஏரியில் பள்ளிப் பிள்ளைகள் 12 பேர், ஆசிரியைகள் 2 பேர். ஒவ்வொன்றுக்கும் பிறகு பேசப்பட்டது இரண்டு விஷயம்தான்: எத்தனை பேரை ஏற்றினார்கள், ஜாக்கெட் போட்டார்களா. இரண்டும் நியாயமான கேள்விதான். தண்ணீர் நிறைந்த பிறகு அந்தப் படகு என்ன செய்யும் என்ற மூன்றாவது கேள்வி டீக்கடைப் பேச்சில் கூட நான் கேட்டதில்லை. பெரிய இரட்டை மாடிப் படகில் அது வேறு விதமான சிக்கல். ஆனால் 12 அடிப் படகில் அதுதான் உயிர். “படகு கவிழ்ந்தால் நீந்தாதே, படகைப் பிடித்துக்கொள்” என்று எல்லா இடத்திலும் சொல்லித் தருகிறார்கள். பிடித்துக்கொள்ளப் படகு இருக்க வேண்டுமே.

திருத்தியது

முதல் முயற்சியில் தோற்றோம். அதைச் சொல்லாமல் விட்டால் இந்த எழுத்துக்கு அர்த்தமில்லை.

எவ்வளவு மிதவை வேண்டும் என்று கணக்குப் போட்டேன். படகும் மோட்டாரும் இழுப்பது 55. தண்ணீரில் உட்கார்ந்திருக்கும் ஆளின் உடம்பில் பெரும்பகுதி தண்ணீருக்குள் இருப்பதால் முழு எடையும் படகில் இறங்காது. அமெரிக்கக் கணக்கில் முதல் 550 பவுண்டு வரை பாதியை எடுத்துக்கொள்கிறார்கள். 3 பேர் 210 கிலோ, பாதி 105. மொத்தம் 160 கிலோ. கன மீட்டருக்கு 32 கிலோ அடர்த்தியுள்ள மூடிய துளை ஃபோம் (துளைகள் தனித்தனியாக மூடியிருப்பதால் தண்ணீர் குடிக்காதது) ஒரு லிட்டர் சுமார் 970 கிராமைத் தூக்கும். ஆக 165 லிட்டர்.

தம்பி, “தரைப்பலகைக்கு அடியிலயே மொத்தத்தையும் போட்டுருவோம்ணே, சீட்டுக்குள்ள மீன் தூண்டில் சாமான் வச்சுக்கலாம்” என்றான். வேலையும் சுலபம். எனக்கும் ஆசைதான். முழுசாக ஒட்டாமல் ஃபோம் கட்டைகளை அடியில் வைத்து மேலே பலகையைத் திருகி, தண்ணீர் நிரப்பிப் பார்த்தோம். மிதந்தது. தம்பி கைதட்டினான். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அவனே ஏறி ஓரத்தில் கை வைத்தான், படகு ஒரே சுற்றாகக் குப்புறக் கவிழ்ந்தது.

கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மாமா சிரித்தார். “ஏன் மாப்ளே, சுரைக்குடுக்கையை இடுப்புல கட்டுனா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?”

எங்கள் பக்கத்தில் கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு இது தெரியும். காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் மேலாக, தோள்பட்டைக்கு அருகில் கட்டுவார்கள். இடுப்பிலோ தொடையிலோ கட்டினால் அது மேலே வரும், தலை கீழே போகும். படகுக்கும் அதே விதி. மிதவை அடியில் இருந்தால், அது மேலே வரத் துடிக்கும், கனமான மோட்டாரும் ஆளும் கீழே போகத் துடிப்பார்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். மிதவை மேலேயும் ஓரத்திலேயும் இருந்தால்தான் சாய்கிற பக்கம் அமுங்கும்போது அங்கே இருக்கும் ஃபோம் தள்ளி நிமிர்த்தும்.

அப்புறம் செய்தது இதுதான். இரண்டு பக்கமும் விளிம்புக்கு நேர் கீழே, உள்பக்கமாக, 9 அடி நீளம், 6 அங்குல அகலம், 5 அங்குல உயரத்தில் பெட்டி. ஒரு பெட்டிக்கு 53 லிட்டர் ஃபோம். மீதி 70 லிட்டரைப் பின்சீட்டுக்குள் மோட்டாருக்கு இரண்டு பக்கமும், முடிந்தவரை உயரத்தில். மொத்தம் 176. முன்சீட்டில் காற்றறையை அப்படியே விட்டோம், ஆனால் கணக்கில் சேர்க்கவில்லை. ஃபோம் பெட்ரோலுக்குக் கரையாத பாலிஎத்திலீன் வகை. வாங்குவதற்கு முன் கடையில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி ஒரு வாரம் போட்டு வைத்தேன். கட்டைகளை முழுத்துண்டாக அறுத்து, ஷீட் சுற்றி, மேலே இரண்டு அடுக்கு மேட் வைத்து ஒட்டினோம். கையில் பி.யு. (பாலியூரிதேன்) கலவை ஊற்றி நுரைக்கவிடும் முறையும் இருக்கிறது. கலவை பிசகினால் பெட்டியைப் பிளந்துவிடும், நுரை சரியாக மூடாவிட்டால் தண்ணீர் குடிக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

தெர்மாகோல் வேண்டாம் என்றதும் தம்பி, “நம்ம ஊர்ல தெர்மாகோலுக்கு ராசியே இல்லண்ணே” என்றான். 2017இல் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க வைகை அணையில் தெர்மாகோல் விட்டு, காற்று அதைக் கரைக்கு அடித்த கதையைத்தான் சொல்கிறான். மதுரைக்காரன் வாயிலிருந்து அதைப் பிடுங்க முடியாது.

பின்பலகையின் வெட்டையும் விடவில்லை. மோட்டாருக்கு முன்னால் பலகை உயரத்துக்கு ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி, நடுவில் ஏறுகிற தண்ணீர் வெளியே போக இரண்டு துளை வைத்தோம். இப்போது அந்த வெட்டு வழியாகத் தண்ணீர் ஏறினாலும் அந்தத் தொட்டியோடு நின்று திரும்பிப் போகும். டேங்க்கை நடுவுக்கு மாற்றிப் பட்டை போட்டுக் கட்டியாயிற்று.

18 மணி நேரம்

சோதனைக்கு எடைக்கல் வேண்டும். மணல் மூட்டை ஆகாது, தண்ணீருக்குள் அதன் எடை எவ்வளவு என்று சொல்ல முடியாது. இரும்பு என்றால் கணக்குத் தெளிவு. தண்ணீரில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறையும். கீழமாசி வீதியில் தெரிந்த கமிஷன் கடையில் 20 கிலோ எடைக்கல் ஏழு இரவல் கேட்டேன். “கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் கேப்பாங்க, இது என்னண்ணே?” என்று கேட்டுக்கொண்டே கொடுத்தார்கள். ஆறு கல் 120 கிலோ, தண்ணீருக்குள் 105. ஏழாவது கல் மோட்டாருக்குப் பதிலாகப் பின்பலகையில். நல்ல மோட்டாரைத் தண்ணீரில் அமுக்க எனக்கு மனசு வரவில்லை.

சாயங்காலம் 4 மணிக்குப் படகைச் சாய்த்து நிரப்பி, முன்காற்றறையின் திருகைக் கழற்றி அதையும் நிரப்பி, கற்களால் அமுக்கிக் கட்டி விட்டோம். மறுநாள் காலை 10 மணிக்கு அவிழ்த்தோம். பின்பலகையில் ஒரு கல், தரையில் ஆறு கல்லும் பரவலாக. படகு குட்டைத் தண்ணீரோடு தண்ணீராக, விளிம்பு மட்டும் ஒரு விரல் உயரம் வெளியே தெரிய, கிடைமட்டமாக நின்றது. செல்போனில் சாய்வு பார்த்தேன், 4 பாகை. தரையில் மூன்று கல்லை எடுத்துவிட்டு மீதி மூன்றையும் ஒரே ஓரத்துக்குத் தள்ளினோம். சாய்ந்தது, 22 பாகையில் நின்றது. தம்பி இந்தத் தடவை கைதட்டவில்லை. தண்ணீரில் இறங்கி, விளிம்பைப் பிடித்துத் தன் முழு எடையையும் தொங்கவிட்டான். அமுங்கி, எழுந்து, அங்கேயே நின்றது.

மதுரைத் தெப்பக்குளத்தில் தைப்பூசத்துக்குத் தெப்பம் சுற்றும்போது அடியில் பீப்பாய்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரே பெரிய பீப்பாய் வைத்திருந்தால் எவ்வளவு சுலபம். தனித்தனியாக, சுற்றிலும் வைத்துக் கட்டியிருப்பார்கள், ஒன்று ஒழுகினால் மற்றது தாங்கும். அம்மனையும் சுவாமியையும் ஏற்றுகிற மிதவைக்கு இந்த யோசனை இருந்திருக்கிறது.

ஜாக்கெட்

பெரும்பாலான பெரியவர்களுக்கு முகம் தண்ணீருக்கு மேலே நிற்க மூன்றிலிருந்து ஐந்தரை கிலோ தூக்கு விசை கூடுதலாகக் கிடைத்தால் போதும். பையன் போட்டிருந்த ஜாக்கெட்டில் அதற்கு மேலேயே இருந்தது. பிரச்சினை விசையில் இல்லை, அளவில். ஜாக்கெட் மிதந்தது, பையன் அதற்குள்ளிருந்து நழுவினான். பிள்ளைகளுக்கு அவர்கள் எடைக்குரிய அளவும், கால்களுக்கு நடுவே இழுத்து மாட்டும் பட்டையும் வேண்டும். பட்டையை மாட்டிவிட்டு, தோளில் இரண்டு பக்கமும் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். ஜாக்கெட் காதுவரை வந்தால் அது அந்தப் பிள்ளைக்கு இல்லை. பெட்டியில் 100 நியூட்டன் என்று போட்டிருந்தால் ஏறக்குறைய 10 கிலோ விசை. 50 என்று போட்டிருந்தால் அது நீச்சல் தெரிந்தவருக்கு, பக்கத்திலேயே ஆள் இருக்கும்போது. இப்போது ஐந்து ஜாக்கெட் இருக்கிறது, இரண்டு சின்ன அளவு. சீட்டுக்குத் தனியாக மெத்தை தைத்தாயிற்று.

இன்றைய நிலை

படகின் உள்பக்கம், ஏறும்போது கண்ணில் படும் இடத்தில், “3 பேர், 210 கிலோ, மோட்டார் 5க்கு மேல் கூடாது” என்று சிவப்பு பெயிண்டில் எழுதியிருக்கிறது. எழுதின வாரமே சண்டை. தம்பியின் மாமனார் வீட்டு ஆட்கள் ஐந்து பேர் வந்து, “என்ன மாப்ள, எங்களை எண்ணி எண்ணி ஏத்துறீங்க?” என்று கோபித்துக்கொண்டார்கள். தம்பி இரண்டு நடையாகக் கூட்டிப்போனான். மாமா இதுவரை ஏறவில்லை. கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். ஏறச் சொன்னால், “அந்த ரெண்டு கேனையும் கட்டு, வர்றேன்” என்கிறார்.

மிதவைப் பெட்டிகளை வருடம் ஒரு தடவை ஊறவைத்துப் பார்க்க வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். பங்குனி ஆரம்பத்தில் செய்யலாம் என்று எண்ணம். அதற்குள் வாய்க்கால் நின்றுவிடும். குட்டையில் படகை அமுக்க நாலடித் தண்ணீராவது மிஞ்சுமா என்று பார்க்க வேண்டும்.